கொட்டாவி சிஸ்டர்

சன்னலோர நாற்காலிக்காரர் கொட்டாவி விட்டு வாயை மூடுவதற்குள் சிஸ்டர் அங்கே வந்து நின்றுவிடுகிறார். ஒரு கை நாற்காலியைப் பின்னால் சாய்க்கத் தயாராக இருக்கிறது. மறு கை ரத்த அழுத்தம் பார்க்கும் பொத்தானைத் தட்டுகிறது.

"தூக்கமா, தலைச்சுத்தலா? மழுப்பாம சொல்லுங்க."

"தூக்கம்தான் சிஸ்டர். ராத்திரி பூரா பேரன் ஒரே அழுகை."

"அத மெஷின் சொல்லட்டும்."

கையில் சுற்றிய பட்டை உப்பி, இறங்கி, எண்ணைக் காட்டும்வரை அவர் அசைய மாட்டார். எண் சரியாக இருந்தால், "சரி, இப்போ தாராளமா விடுங்க" என்று கொட்டாவிக்கு அனுமதி கொடுத்துவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போவார்.

இது டயாலிசிஸ் அறை. சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்துக்கு மூன்று முறை வந்து, நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு பிணைந்து கிடக்கிற இடம். இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும், உடம்பில் தேங்கிய நீரையும் எடுக்கும். நீர் இறங்க இறங்கச் சிலருக்கு அழுத்தம் மளமளவென்று சரிந்துவிடும். அப்படிச் சரியப்போகிறவர்களில் பலர் முதலில் கொட்டாவிதான் விடுகிறார்கள் என்பது சிஸ்டரின் அனுபவம். இயந்திரம் கூவுகிறவரை காத்திருக்கும் பொறுமை அவருக்குக் கிடையாது. நோயாளிகள் வைத்த பட்டப்பெயர் காதில் விழுந்தபோது, "வெச்சவங்க நல்லா இருக்காங்கல்ல, அப்புறம் என்ன?" என்றாராம்.

தொழில் புத்தி வெளியிலும் விடுவதில்லை. ஒருமுறை பேருந்தில் எதிர் இருக்கைக்காரர் வாயைப் பிளக்க, சட்டென்று எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அந்த மனிதர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி ஓடினார். வீட்டில் கணவர் மொட்டைமாடிக்குப் போய்க் கொட்டாவி விட்டு வருவதாகக் கேள்வி.

நோயாளி உள்ளே வந்ததும் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கும் வழக்கம் அவரிடம் இல்லை. "காலையில என்ன முழுங்கினீங்க?" என்பதுதான் வரவேற்பு. ரத்தக்கொதிப்பு மாத்திரையை டயாலிசிஸ் நாளில் மட்டும் வீடு திரும்பிய பிறகு போட்டுக்கொள்ளுங்கள் என்று இங்கே பலருக்கும் டாக்டர் சொல்லியிருக்கிறார். மறதியில் காலையிலேயே போட்டுவிட்டு, திட்டு விழுமே என்று "ஒண்ணும் போடல சிஸ்டர்" என்பவர்கள் உண்டு. அவர்களை இடுப்பில் கைவைத்து ஒரு பார்வை பார்ப்பார். உண்மை தானாக வெளியே வரும்.

அந்தப் பார்வைக்கு மசியாதவர் பூட்டுக்காரர் ஒருவர்தான். தெருமுனையில் பூட்டு, சாவி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். காலையில் மாத்திரை தொடவில்லை என்று தன் கடைமேல் சத்தியம் செய்வார். ஆனாலும் இரண்டு மணி நேரம் ஆவதற்குள் கொட்டாவி, வியர்வை, கண் சொருகல். நாற்காலியைச் சாய்த்து, காலை உயர்த்தி, சலைன் ஏற்றி மீட்ட பிறகு பாதியில் இயந்திரத்தை நிறுத்த வேண்டிவரும். எடுக்க வேண்டிய நீர் உள்ளேயே தங்கும். வீட்டில் படுத்தால் மூச்சு முட்ட, விடிய விடிய உட்கார்ந்தே கிடப்பார்.

போன மாதம் ஒருநாள், அப்படி மீண்டு கண் விழித்தவர் சொன்னார்: "போதும் சிஸ்டர். செத்துச் செத்துப் பிழைக்கிறதுக்கு ஒரேயடியா போயிடலாம். இனி நான் வரல. இந்த நாற்காலிய வேற யாருக்காவது குடுத்துடுங்க."

இங்கே வருவதை நிறுத்தினால் எத்தனை நாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். சிஸ்டருக்கு அழுகை முட்டியது. அழுகை வந்தால் அவருக்குக் கூடவே கோபமும் வரும்.

"நாற்காலிய யாருக்குக் குடுக்கணும்னு எனக்குத் தெரியும். உங்க ரத்த அழுத்தம் ஏன் விழுதுன்னு எனக்குப் புரியாம நீங்க எங்கயும் போக முடியாது."

அன்றைக்கு அவர் பக்கத்திலேயே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். எழுந்ததிலிருந்து வாய்க்குள் போனதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டார். பூட்டுக்காரர் சலித்துக்கொண்டே சொன்னார். கடைசியில், "காபி குடிச்சேன். அதுவும் ஒரே கசப்பு. இங்க வர்ற அன்னிக்கு மட்டும் எப்படித்தான் கசக்குமோ! வீட்டுக்காரிகிட்ட கேட்டா, உங்க நாக்கு செத்துப்போச்சுங்கறா" என்றார்.

சிஸ்டர் முக்காலியை விட்டு எழுந்தார். நடைபாதையில் பூட்டுக்காரரின் மனைவி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"காபியில என்னம்மா கலக்குறீங்க?"

அந்த அம்மா மறுக்கவில்லை. நிமிர்ந்தே பார்த்தார். "மாத்திரையப் பொடிச்சுப் போடறேன். எங்க அண்ணன் இப்படித்தான் பிரஷர் மாத்திரைய நிறுத்தினாரு. ஒரே வாரம், குளியலறையில விழுந்தவரு எழுந்திருக்கவே இல்ல. இவரையும் அப்படி அனுப்பச் சொல்றீங்களா?"

திட்டுவதற்கு வாயைத் திறந்த சிஸ்டர் அதை விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நிறுத்தச் சொல்லலம்மா. நேரத்தைத்தான் மாத்தச் சொன்னோம். உள்ள மெஷின் அழுத்தத்த இறக்குது. அதே நேரத்துல உங்க மாத்திரையும் இறக்குது. ரெண்டும் சேர்ந்து இழுத்தா மனுஷன் என்ன ஆவாரு?"

"அப்போ... ஒவ்வொரு தடவையும் அவர் மயங்கினது என்னாலயா?"

"பயத்தால" என்றார் சிஸ்டர். எழுந்துபோய் டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னார். இனி அந்த மாத்திரை டயாலிசிஸ் நாளில் இரவுதான் என்று டாக்டரே வந்து அந்த அம்மாவிடம் உறுதியாகச் சொல்லிவிட்டுப் போனார். பூட்டுக்காரரிடம் சிஸ்டர் ஒரே ஒரு முறைதான் கெஞ்சினார்: "இன்னும் ஒரே தடவை வாங்க. அப்பவும் விழுந்தா நான் வாயே திறக்கமாட்டேன்."

அவர் வந்தார். சிஸ்டர் தலைமை நர்ஸிடம் மல்லுக்கட்டி, உறவினருக்கு அனுமதியில்லாத அந்த அறைக்குள் மனைவியையும் கூட்டிவந்து உட்கார வைத்தார். பட்டை உப்பும்போதெல்லாம் அந்த அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டார். முதல் மணி நேரம், இரண்டாவது. வழக்கமாகச் சரிகிற நேரம் வந்தது. எண் கொஞ்சம் இறங்கியது. சிஸ்டர் நீர் எடுக்கும் வேகத்தைக் குறைத்துவிட்டு நின்றார். எண் அங்கேயே நின்றது.

"பசிக்குதுடி" என்றார் பூட்டுக்காரர் மனைவியிடம். அந்த நாற்காலியிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை சிஸ்டர் கேட்டதே இல்லை.

நான்கு மணி நேரமும் முழுசாக முடிந்தது. ஊசியை எடுத்ததும் அந்த இடத்தில் பஞ்சுத்துணி வைத்து, ரத்தம் நிற்கும்வரை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். சிஸ்டர் அதை மற்ற நர்ஸ்களிடம்கூட எளிதில் விடுவதில்லை. அழுத்திக்கொண்டே ஒரு கையால் பெட்டியிலிருந்து கையுறை ஒன்றை உருவி, அந்த அம்மாவிடம் நீட்டினார்.

"நானா? வேண்டாம் சிஸ்டர். நான் தொட்டாலே..."

"போட்டுக்குங்க."

கையுறை போட்ட விரல்களைப் பிடித்துத் துணியின்மேல் வைத்தார். அதன்மேல் தன் விரலை ஒரு கணம் அழுத்தி, எவ்வளவு பலம் வேண்டும் என்று காட்டினார். பிறகு தன் கையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் அடுத்த நாற்காலிக்கு நடந்தார்.