அவள் விளக்கில் நான் எடுத்த படங்கள்

மன்னார்குடியில் கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கும் பெண் நான் ஒருத்திதான் என்பது பல வருடங்களாக எனக்கு இருந்த பெருமை. பெண் வீட்டார் என்னைத் தேடிக்கொண்டு வருவார்கள். "பொண்ணுக்கு அலங்காரம் பண்ற ரூமுக்குள்ள ஆம்பளைங்க வந்து நிக்கிறது சங்கடமா இருக்கு, நீங்க வாங்க" என்பார்கள். படங்கள் நன்றாக இருப்பதால்தான் கூப்பிடுகிறார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

பிறகு தஞ்சாவூரில் இன்னொருத்தி வந்தாள். என்னைவிட இளையவள். சென்னையில் படித்துவிட்டு ஊர் திரும்பியவள். அவள் எடுத்த ஒரு படத்தை யாரோ எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். நடவு முடிந்த வயல், வாய்க்கால் கரை, பொழுது சாயும் நேரம். வானம் கருநீலமாக இருந்தது. கரையில் நிற்கும் ஜோடியின் முகத்தில் மட்டும் பக்கவாட்டிலிருந்து மஞ்சள் வெளிச்சம் விழுந்திருந்தது. நான் படத்தைப் பெரிதாக்கி மணப்பெண்ணின் கண்ணைப் பார்த்தேன். எங்கே விளக்கு வைத்தாள் என்று கருவிழியில் தெரியும். கருவிழியின் மேல் ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி; விளக்கு தூரத்தில், உயரத்தில் இருந்திருக்கிறது. என் விளக்கு அவ்வளவு தூரம் போகாது.

என் கணவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "நல்லாருக்கே, நீ எடுத்ததா?"

"இல்ல."

அன்று சாப்பிடும்போதும் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் வேலை எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். ஃப்ளாஷைக் கேமராவின் தலையிலேயே மாட்டி அடித்தால் முகம் தட்டு மாதிரி சப்பையாக விழும். பக்கத்திலிருந்து அடித்தால்தான் மூக்குக்கும் கன்னத்துக்கும் ஒரு வடிவம் வரும். அதற்காக நான் ஒரு சுருள் கேபிள் வைத்திருந்தேன். ஒரு முனை கேமராவில், மறு முனை ஃப்ளாஷில். ஃப்ளாஷை ஒரு கம்பில் கட்டி என் கணவர் பிடித்துக்கொள்வார். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். லீவு நாள் முகூர்த்தங்களில் எனக்கு லைட் பிடிப்பவர். கேபிள் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம்தான் அவர் என்னைவிட்டுப் போக முடியும். தஞ்சாவூர்க்காரியோ வயர் இல்லாத ட்ரிக்கர் வைத்திருந்தாள். கேமராவில் ஒரு சின்னப் பெட்டி, விளக்கில் ஒன்று. நடுவில் ஒன்றுமே கிடையாது; கேமராவை அமுக்கினால் தூரத்து விளக்கு எரியும்.

நானும் தஞ்சாவூர்க் கேமரா கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டையும் மேஜையில் எடுத்து வைத்தார்.

"இது நீள கேபிள். மண்டபத்துக்கு எட்டும். இது ட்ரிக்கர். இப்ப எல்லாரும் இதான் வாங்குறாங்க. நம்ம ஊர்லயே ஒரு பொண்ணு எடுக்குதே, அதுவும் இதுதான்."

அந்தக் கடைசி வார்த்தைதான் முடிவு செய்தது. "கேபிளே குடுங்க" என்றேன்.

பஸ்ஸில் வரும்போது என் கணவர் கேட்டார். "ட்ரிக்கர் நல்லதுன்னுதான அவர் சொன்னாரு?"

"பேட்டரி தீந்துபோச்சுன்னா முகூர்த்தத்துல நான் என்ன பண்றது? கூட்டத்துல சிக்னல் வேற போயிடும். கேபிள்னா நம்பிக்கை."

அவர் தலையாட்டினார். நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவளைப் பார்த்து வாங்கினேன் என்று ஊரில் யாரும் பேசக்கூடாது என்பதுதான் உள்ளே இருந்தது.

அந்தக் கேபிளோடு நான் போன முதல் பெரிய கல்யாணம், தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துக் கல்யாணம். பெண் வீட்டுக்கு நான். மாப்பிள்ளை வீட்டார் யாரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது மாதா கோயில் வாசலில்தான் தெரிந்தது. அவள் காரிலிருந்து இறங்கி, "வணக்கம்க்கா, உங்களப் பத்தி நெறைய கேள்விப்பட்டிருக்கேன்" என்றாள். நான் சிரித்து வைத்தேன்.

கோயிலுக்குள் ஃபாதர் என்னைக் கூப்பிட்டார். "நடுப்பாதையில வயர் போடாதீங்கம்மா. பொண்ணு நடந்து வர்ற வழி." சரியென்று ஃப்ளாஷைக் கேமரா மேலேயே மாட்டிக்கொண்டேன். தட்டு மாதிரி முகங்கள் விழுந்துகொண்டே இருந்தன. அவள் ஒரு விளக்கைத் தூணுக்குப் பின்னால் வைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு நடந்தாள். அவள் பொத்தானை அமுக்கும்போதெல்லாம் மணப்பெண்ணின் வெள்ளை முக்காட்டின் ஓரம் பளிச்சென்று எரிந்தது. என்னைக் கூப்பிட்ட வீட்டுப் பெண், அவள் முக்காட்டின் அழகை இவள் எடுத்துக்கொண்டு போகிறாளே என்று நினைத்தேன்.

சாயங்காலம் மண்டபத்தில் வரவேற்பு. இந்த முறை விடக்கூடாது என்று நீளக் கேபிளை விரித்தேன். கம்பளத்தோடு சேர்த்து டேப் ஒட்டினேன். மேடையின் ஓரத்தில் என் கணவர் கம்பைப் பிடித்து நின்றார். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு மாப்பிள்ளையின் பெரியப்பா பரிசுப் பொட்டலத்தோடு மேடை ஏறினார். டேப் விட்டுப்போன இடத்தில் கேபிள் வளையமாக எழும்பியிருந்தது. அவர் கால் அதில் மாட்டியது. கேமரா என் கழுத்தை இழுத்தது. கம்பு என் கணவர் கையை விட்டுப் போனது. அவர் அதைப் பிடிக்கப் போகாமல் பெரியவரைத்தான் பிடித்தார். அது நல்லதாயிற்று. பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஃப்ளாஷ் மட்டும் தரையில் விழுந்து கழுத்து ஒடிந்து கிடந்தது.

"பரவால்லம்மா, பரவால்ல" என்று பெரியவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். பெண்ணின் அப்பா ஒடிந்த ஃப்ளாஷையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

தஞ்சாவூர்க்காரி என் பக்கத்தில் வந்து தன் பையிலிருந்து ஒரு சின்ன ட்ரிக்கரை எடுத்து நீட்டினாள். "இத உங்க கேமராவுல மாட்டிக்கங்கக்கா. ஒரே சேனல்ல வெச்சிட்டேன். நீங்க அமுக்குனாலும் என் லைட்டுதான் எரியும்."

"உங்க படம் கெட்டுடாதா?"

"ரெண்டு பேரும் ஒண்ணா அமுக்காம இருந்தா போதும். மொதல்ல நீங்க எடுங்க. அது திரும்ப சார்ஜ் ஆனதும் நான் எடுக்குறேன்."

வேறு வழியில்லை. வாங்கி மாட்டினேன். அமுக்கினேன். கேமரா திரையில் வந்த படத்தைப் பார்த்தேன். மணப்பெண்ணின் கன்னம் உருண்டு, கூந்தலின் ஓரத்தில் ஒரு கோடு வெளிச்சம் ஓடியது. அப்போதுதான் அவள் விளக்குகளை நின்று பார்த்தேன். ஒன்று மேடைக்கு ஓரமாக, ஆள் உயரத்துக்கும் மேலே, வெளிச்சத்தைப் பரப்பும் வெள்ளைக் குடையோடு. இன்னொன்று பூ அலங்காரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. இதுவரை என் பொறாமை அந்தச் சின்னப் பெட்டி மேல் இருந்தது. அதைக் கடையில் வாங்கிவிடலாம். எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்த அவள் கண் மேல் இப்போது வந்த பொறாமைக்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

வரவேற்பு முடியும்வரை அவள் என்னைத்தான் முதலில் எடுக்கவிட்டாள். ஒரு முறைகூட முந்தவில்லை. முந்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆல்பம் கொடுத்தபோது பெண்ணின் அம்மா பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரிசப்ஷன் படமெல்லாம் எவ்வளவு அழகா வந்திருக்கு. கோயில் படத்தவிட இதுதான் ஒசத்தி" என்றார். பெண்ணின் அப்பாவும் தலையாட்டினார். அது மாப்பிள்ளை வீட்டார் கூப்பிட்ட போட்டோக்காரியின் வெளிச்சம் என்று சொன்னேன். அவர்களுக்குப் புரியவில்லை. "நீங்கதானம்மா எடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டு அடுத்த பக்கம் போனார்கள்.

மறுபடி கேமரா கடைக்குப் போனேன். கடைக்காரர் வேறு வேறு கம்பெனி ட்ரிக்கர்களை எடுத்து வைத்தார்.

"அந்தப் பொண்ணு வெச்சிருக்கே, அது எது?" என்று கேட்டேன். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதையே வாங்கினேன்.

அன்றிலிருந்து நானும் விளக்கைத் தள்ளி வைக்கக் கற்றுக்கொண்டேன். முதலில் தப்பாக வைத்தேன். கண்ணாடி போட்டவர்களின் கண்ணாடியில் எல்லாம் குடை தெரிந்தது. மெல்லப் பழகியது. ஒரே கல்யாணத்தில் இரண்டு பேரும் சந்தித்தால் ஒருத்தி அமுக்கினால் மற்றவள் விளக்கு எரியாமல் இருக்க, யார் எந்தச் சேனல் என்று வாசலிலேயே பேசிக்கொள்வோம்.

போன தை மாதம் அவளே போன் செய்தாள். "எனக்குக் கல்யாணம்க்கா. நீங்கதான் எடுக்கணும்."

மூன்று விளக்குகளோடு போனேன். மணப்பெண் கோலத்தில் உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்து, "அந்த லைட்டக் கொஞ்சம் எறக்குங்கக்கா" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. இறக்கிப் பார்த்தேன். அதுதான் சரியாக இருந்தது.

நான் எடுத்த படம் ஒன்றை அவள் தன் இணையப் பக்கத்தில் போட்டாள். என் பெயரையும் கீழே எழுதியிருந்தாள். பார்த்தவர்கள் எல்லாரும் மணப்பெண் எவ்வளவு அழகு என்று எழுதினார்கள். வெளிச்சத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. நான் போனை என் கணவரிடம் காட்டினேன்.

"இதுக்குமா பொறாம?" என்றார்.

"ஆமா" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, படத்தைப் பெரிதாக்கி, மணப்பெண்ணின் கருவிழியில் என் விளக்கின் புள்ளியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.