சொர்ணமுகியில் நாலடித் தண்ணீர்

போன சனிக்கிழமை அமெரிக்காவிலிருந்து அக்கா பேரன் போனில் முகம் காட்டினான். தலையில் ஹெல்மெட், மேலே ஆரஞ்சுச் சட்டை. "சின்ன ஆயா, ஆத்துல இன்னிக்கு கரெக்டா நாலடி. இதோ பாரு, போன்லயே பச்சை காட்டுது. படகு எடுத்துகினு கெளம்பறோம்" என்றான். ஆற்றைப் பார்க்காமலே ஆற்றின் உயரம் தெரிந்துகொண்டு, எந்த ஆற்றில் படகு விடலாம் என்று முடிவு செய்கிறார்களாம். நான் சிரித்த சிரிப்பில் டீ புடவையில் கொட்டிவிட்டது. "இன்னாத்துக்கு சிரிக்கற?" என்றான். அதைப் போனில் சொல்லி முடியுமா? உங்களிடம் சொல்கிறேன், கேளுங்கள்.

நாலடி என்று காதில் விழுந்தால் எனக்கு உடனே தேங்காய் எண்ணெய் வாசனை வரும். எழுபதுகளில் திருப்பதி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டர். தலையில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போன் எல்லாருக்கும் பொது. முன்னால் உட்கார்ந்திருந்தவள் தலைக்கு என்ன தடவினாளோ அது நம் தலைக்கும் வந்துவிடும். அந்த எண்ணெய்ப் பிசுக்கோடுதான் நான் என் கல்யாணத்துக்காக ஆற்றின் உயரம் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

என் கல்யாணத்துக்கும் ஆற்றுக்கும் என்ன சம்பந்தம்? எனக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளைதான். எபினேசர் என்று பெயர், மிஷன் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். நல்ல மனுஷன், குடி கிடையாது, பீடி கிடையாது. படகு ஒன்றுதான் கிடையாது என்று சொல்ல முடியாது. முன்பு சித்தூரில் வேலை பார்த்தபோது அங்கிருந்த வெள்ளைக்கார டாக்டர் ஊருக்குத் திரும்பும் முன் இவருக்கு ஒரு மடக்குப் படகைக் கொடுத்துவிட்டுப் போனார். மூங்கிலும் ரப்பர் பூசிய துணியுமாக ஒரு மூட்டை. படகோடு ஒரு புத்திமதியும் கொடுத்தார்: திருச்சானூர்ப் பாலத்துக்குக் கீழே சொர்ணமுகி பாறையில் மோதி நுரைத்துக்கொண்டு ஓடும், அங்கே விடு, ஆனால் பாலத்துத் தூணில் பெயின்ட் அடித்திருக்கிற அளவைப் பார்க்காமல் இறங்காதே, மூன்றுக்குக் கீழே போனால் பாறை கிழிக்கும், ஐந்துக்கு மேலே போனால் உன்னையே கொண்டுபோய்விடும், நாலடிதான் சரி. கர்த்தர் பத்துக் கட்டளையோடு நிறுத்திக்கொண்டார். எங்கள் ஆளுக்கு இது பதினொன்றாவது.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. நிச்சயம் முடிந்த கையோடு அவருக்கு மஞ்சள் காமாலை வந்து பிழைத்தார். பிழைத்த மனுஷன் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்து நின்றார். மற்றவர்கள் பிழைத்தால் ஆடு கொடுக்கிறேன், தென்னங்கன்று கொடுக்கிறேன் என்று பொருத்தனை செய்வார்கள். இவர், "சொர்ணமுகில நாலடித் தண்ணில படகு வுட்டு ஸ்தோத்திரம் பண்ணிட்டுத்தான் மணவறைக்கு வருவேன்" என்று சபை முன்னால் சொல்லிவிட்டார். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்குப் பாட்டுப் புத்தகம் கையிலிருந்து விழுந்தது. எங்கள் சபையில் பாஸ்டரை ஐயர் என்போம். பொருத்தனை நிறைவேறாமல் ஆராதனையில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிக்கமாட்டேன் என்று ஐயரும் சொல்லிவிட்டார். என்னைப் பெற்ற நைனா, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே, "தண்ணி வராத ஆத்த நம்பி பொண்ணு குடுக்கறேன் பாரு, என்னத்தான் இத்தால அடிச்சிக்கணும்" என்றார்.

ஆறில்லா ஊருக்கு அழகு பாழ் என்பார்கள். எங்களுக்கு ஆறு இருந்தது, தண்ணீர்தான் இல்லை. மழைக்காலத்தில் புயல் அடித்தால் ஒரு பகல் ஓடும்; மறுநாள் பையன்கள் அதே இடத்தில் கோலி விளையாடுவார்கள். ஆற்றை நம்பிப் பயனில்லை என்று நானே களத்தில் இறங்கினேன். ஆறு வரும் வழியில் மேலே சந்திரகிரி எக்ஸ்சேஞ்சில் சரோஜா என்று ஒருத்தி, தெலுங்குப் பெண். முகம் பார்த்ததில்லை, குரலிலேயே சினேகிதி. அவள் ஊரில் ஆற்றில் தண்ணீர் வந்தால், "நீள்ளு ஒச்சாயே, பெள்ளிக்கூத்துரா!" என்று கூவுவாள். தண்ணீர் வந்துவிட்டதடி, கல்யாணப்பெண்ணே என்று கிண்டல். உடனே நான் திருச்சானூர்ப் பாலத்தருகே இருந்த லாட்ஜுக்குப் போன் போடுவேன். அதன் மேனேஜர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பாலத்துக்குப் போய்த் தூணைப் பார்த்துவிட்டு வந்து அடி சொல்வார். அதை நான் டிஸ்பென்சரிக்குச் சொல்வேன். கட்டிக்கப் போகிறவளின் குரல் கேட்டால் மற்ற ஆண்கள் சாப்ட்டியா என்பார்கள். இவர் எடுத்ததும், "எத்தினி அடி?"

ஒரு வருஷம் ஒன்றரை. அடுத்த வருஷம் எடுத்த எடுப்பில் ஏழு; போகிறேன் என்று குதித்தவரை நான்தான் அழுது நிறுத்தினேன். அதற்கடுத்த வருஷம் சரியாக நாலு வந்தது. ஆனால் மூங்கில் சட்டத்தை ஒன்றோடொன்று செருகித் துணியை மாட்டி முடிப்பதற்குள் ஆறு வடிந்து கணுக்காலுக்கு வந்துவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாம் பிரசவ லீவு முடிந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். நான் இரவில் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாலாவது மழைக்காலத்தில் அவர் உஷாராகிவிட்டார். புயல் என்று ரேடியோ சொன்னதுமே படகைப் பொருத்தி எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்துவிட்டார். நாங்கள் படகைச் சுற்றி உட்கார்ந்துதான் சோறு தின்றோம். அன்று மத்தியானம் சரோஜா கூவினாள். லாட்ஜ் மேனேஜர் மூச்சு வாங்க, "நாலுகு அடுகுலம்மா! நாலுகு!" என்றார். நான் ஹெட்போனைக் கழற்றிப் பக்கத்து நாற்காலிக்காரி மடியில் போட்டுவிட்டு ஓடினேன்.

பாலத்தடியில் சபையே கூடியிருந்தது. ஐயர் குடையோடு நின்றார். பாலத்தின் மேலே மொட்டைத் தலையோடு யாத்திரைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். செம்மண் தண்ணீர் தூணில் நாலு என்ற எழுத்தைத் தொட்டுக்கொண்டு ஓடியது. எபினேசர், வெள்ளைக்கார டாக்டர் கொடுத்த தொளதொள அரைக்கால் சட்டையோடு படகில் ஏறி உட்கார்ந்தார். ஜெபம் ஆயிற்று. நாலு பேர் தள்ளினார்கள். படகு நற என்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது.

துடுப்பைக் குத்தினார். அது முழங்கை அளவுகூட முழுகவில்லை. அந்த நேரம் பார்த்து ஓர் எருமை படகைத் தாண்டி நடந்து போயிற்று. தண்ணீர் அதன் முழங்காலுக்குக் கீழே.

விஷயம் என்னவென்றால், முந்தின வெள்ளம் வடிந்தபோது அந்தத் தூணைச் சுற்றி மூன்றடிக்கு மணலைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. வெயில் காலத்தில் யார் போய் வறண்ட ஆற்றின் அளவைப் பார்க்கிறார்கள்? நாலடியில் மூன்றடி மணல், ஓரடி தண்ணீர்.

"ஐயரே, இது நாலடி இல்ல. நான் பொய் சாட்சி சொல்லமாட்டேன்" என்று எழுந்து நின்றார் அந்த உத்தமர். எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ! புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன்.

"ஒக்காருங்க."

"இல்ல, நாலடி..."

"ஒக்காரப் போறீங்களா, இல்ல வேற மாப்ள பாக்கச் சொல்லட்டா?"

உட்கார்ந்தார். நான் பின்னாலிருந்து தள்ளினேன். நைனா செருப்பைக் கரையில் வீசிவிட்டு ஓடிவந்து தோள் கொடுத்தார். படகு மணலில் தேய்ந்து தேய்ந்து நகர்ந்தது. பாலத்தின் மேலிருந்த மொட்டைத் தலைகள் என்ன உற்சவம் என்று நினைத்தார்களோ, "கோவிந்தா! கோவிந்தா!" என்று ஒரே முழக்கம். பாறை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனோம்.

எல்லாரும் ஐயரைப் பார்த்தார்கள். அவர் குடையை மடக்கினார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார், தூணைப் பார்த்தார்.

"கவருமென்ட்டே நாலுன்னு எழுதி வச்சிகீது. இல்லன்னு சொல்ல நான் யாரு? ஞாயித்துக்கெழம ஓலை வாசிக்கறேன்."

அப்படித்தான் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. சரோஜாவின் முகத்தை அன்றுதான் முதலில் பார்த்தேன், குரலைவிடக் குண்டு. எபினேசருக்கு மட்டும் மனசு ஆறவேயில்லை. ஒவ்வொரு மழைக்கும் பாலத்துக்குப் போய் எட்டிப் பார்ப்பார். பந்தியில் யாராவது அந்தக் கதையை எடுத்தால், "அது நாலடி இல்ல" என்று எழுந்துபோய்விடுவார். அப்புறம் படகை எலி கடித்தது. எக்ஸ்சேஞ்சை இழுத்து மூடினார்கள். ஆற்று மணலை லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனார்கள். அவரும் போய்விட்டார்.

அவர் போனதற்குப் பிறகு வந்த ஒரு மழையில் சொர்ணமுகி இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. அப்படி நான் பார்த்ததே இல்லை. ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். பாலத்தில் கூட்டத்தைத் தடுத்துக்கொண்டிருந்த போலீஸ்காரப் பையனிடம், "எத்தினி அடிப்பா?" என்றேன்.

"நெறைய வந்துகீது ஆயா, தள்ளிப் போ" என்றான்.

நெறைய என்பது ஓர் அளவா? எபினேசர் இருந்திருந்தால் அந்தப் பையனோடு சண்டைக்கே போயிருப்பார். மானம் போகிறது என்று நான் அவர் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்திருப்பேன். இழுக்கக் கை இல்லாமல் தனியாகத்தான் ஆட்டோ ஏறினேன்.