பல்லில் கடிபட்ட ஈயம்

சுடுதளத்தில் பயிற்சி கொடுக்கும் இராணுவத்தினரின் இரத்தத்தில் துப்பாக்கிப் புகையால் ஈயம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வு அது. இரத்தம் எடுப்பது என் வேலை. அவர்களில் ஒருவருக்குக் கை நடுக்கம்; தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடிப்பார். புகைதான் காரணமென்று தெரிந்தால் வேறு வேலைக்கு மாற்றுவார்கள். இல்லையென்றால் தளத்திலேயே நிற்க வேண்டும்.

படையில் சேர்ந்தபோது எடுத்த அவர்களுடைய இரத்தம் உறைபெட்டியில் இருந்தது. கொஞ்சம்தான், ஒருமுறை உருக்கினால் முடிந்தது. அதனால் முதலில் இன்றைய இரத்தத்தை ஊர் ஆண்களுடையதோடு ஒப்பிடுவோம், வித்தியாசம் இருந்தால் மட்டும் பழையதைத் தொடுவோம் என்றார் டொக்டர். ஆள் பிடிக்கும் பொறுப்பு எனக்கு. எங்கள் கடற்கரை ஊரான அரிப்பில் என் கணவரில் தொடங்கி, அவருடைய கடல் கூட்டாளிகள் அத்தனை பேரையும் கதிரையில் இருத்தி ஊசி குத்தினேன். கடற்காற்றில் வாழ்கிறவர்கள், இதைவிடச் சுத்தமான இரத்தம் எங்கே கிடைக்கும் என்று பெருமை வேறு.

முடிவு வந்தது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. டொக்டர் ஆய்வுக் கோப்பை மூடிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவேயில்லை.

அதே ஆத்திரத்தோடு வீட்டுக்குப் போனேன். கணவர் முற்றத்தில் வலைக்குப் பாரம் கட்டிக்கொண்டிருந்தார். ஈயத்தகட்டைக் கயிற்றில் சுற்றி, பல்லால் கடித்து இறுக்கினார். எங்கள் கரையில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். கலியாணம் முடித்த நாள் முதல் பார்க்கிறேன், அன்றுதான் கண்ணில் பட்டது. அவரைத் தாண்டி ஓடிப்போய்ப் போனை எடுத்தேன்.

"டொக்டர், பிழை என்னிலைதான். நான் பிடிச்சுத் தந்த ஆக்கள் எல்லாரும் ஈயம் கடிக்கிறவை. பழைய இரத்தத்தைத் திறவுங்கோ."

திறந்தோம். நடுக்கக்காரர் படையில் சேர்ந்தபோது அவர் இரத்தத்தில் ஈயம் இல்லை என்றே சொல்லலாம். இன்றையது பல மடங்கு. நான் துள்ளிய துள்ளலில் மேசை ஆடியது. அவரை மாற்றச் சொல்லி டொக்டர் அன்றே கடிதம் எழுதினார்.

கோப்புகளை அடுக்கும்போதுதான் ஊர் ஆண்களின் பட்டியலைத் திரும்பப் பார்த்தேன். முதல் எண், நான் முதலில் குத்திய கை. நடுக்கக்காரரை விட ஈயம் அதிகம்.

வீட்டுக்கு வந்ததும், மறுபடி வலையோடு இருந்தவரிடம், "வாயிலை கிடக்கிறதைத் துப்புங்கோ" என்றேன். துப்பினார். கையை நீட்டச் சொன்னேன். கைரேகை பார்க்கவோ என்று சிரித்துக்கொண்டே நீட்டினார். நான் அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.