இடது கையை எடும்மா

இல்லை, நன்றாக வாசித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். எட்வின் அண்ணன் பேஸ் கிட்டார் கற்றுக்கொண்டிருந்தார். கடைசிவரை கற்றுக்கொண்டுதான் இருந்தார். அவரைத் தெரிந்த உங்களுக்கு வேறு மாதிரி எழுதினால், முதலில் சிரிப்பது அவராகத்தான் இருக்கும்.

செய்தி அவருடைய எண்ணிலிருந்தே வந்தது. பாடகர் குழுவின் வாட்ஸ்அப்பில், ஞாயிற்றுக்கிழமைப் பாடல் பட்டியலுக்குக் கீழே. 'எட்வின் இன்று காலை நம்மை விட்டுப் போய்விட்டார். மாரடைப்பு. லில்லி.' தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் நின்றுவிட்டேன். அவர் பெயர், அவர் படம், அதன் கீழே அவர் மனைவி எழுதிய வரி. பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள்.

மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் அவர் தரப் பரிசோதகர். எங்கள் ஆலயத்தில் பேஸ் வாசித்தவர் கனடா போனபோது கிட்டாரை விட்டுவிட்டுப் போனார். யாரும் தொடவில்லை. நாற்பதைத் தாண்டிய எட்வின் அண்ணன் அதை எடுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். "சும்மா நிக்குது. பாவமா இருந்துச்சு."

"இன்னாண்ணே, நாலு கம்பிதான் கீது. மீதி ரெண்ட எங்க விட்டீங்க?" என்பான் கிட்டார் வாசிக்கும் ஜெரி.

"நாலையே புடிக்க முடியல. ஆறு குடுத்தா வேலைய விடணும்பா."

விரல் நுனிகள் கொப்புளித்தன. கம்பெனி பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியை அழுத்தி அழுத்திப் பழகினார். பக்கத்தில் இருந்தவர் கை மரத்துப்போகிறதா என்று விசாரித்து, ஒரு நரம்பு டாக்டரின் பெயரைச் சொன்னாராம்.

நான் கீபோர்டு. பேஸ் வாசிக்க ஆள் இல்லாத மாதங்களில், கீபோர்டின் இடது பாதியில் பேஸின் கனத்த கீழ் ஒலியை வைத்து நானே வாசித்துவந்தேன். பாடகர் குழுவை நடத்தும் சுகந்தி அக்கா என்னைத் தனியாக அழைத்தார். "அவர் பாட்டுக்கு வாசிக்கட்டும். நீ இடது கைய விடாத. அவரோட ஆம்ப் சத்தத்த நான் கம்மி பண்ணிடறேன். அறுப்பின் பண்டிகை அன்னைக்கு ஒரு தப்பு வந்துச்சுன்னா அவரை உக்கார வெச்சிடுவேன்."

அப்படியே நடந்தது. அண்ணன் வாசித்தார். கேட்டது நான் வாசித்தது. தேறிவருவதாக எல்லோரும் அவரிடம் சொன்னார்கள்.

ஒரு சனிக்கிழமை ஒத்திகை. பாட்டின் நடுவே அவர் இரண்டு கைகளையும் கம்பியிலிருந்து எடுத்தார். பேஸ் நிற்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் வாசித்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடியும்வரை பார்த்தார்.

"நான் கைய எடுத்துட்டேன். சத்தம் வந்துகினே இருக்கு."

"அக்கா சொன்னாங்கண்ணா."

"நல்ல பீஸோட தப்பு பீஸ கலந்துட்டா எந்த மிஷின்ல கோளாறுன்னே கண்டுபிடிக்க முடியாது. என் தப்பு எனக்குக் கேக்கணும். இடது கையை எடும்மா."

"பண்டிகைல தப்பு வந்தா உக்கார வெச்சிடுவாங்க."

"உக்காந்துக்கறேன். அதுக்கு முன்னாடி நான் வாசிக்கறேனா இல்லையான்னு தெரிஞ்சிக்கணும்ல."

பண்டிகை. பீடத்தின் முன்னால் கரும்பு, பூசணி, வாழைத்தார். இடது கையை மடியில் வைத்துக்கொண்டேன். சுகந்தி அக்காவின் தலை திரும்பியது. முதல் இரண்டு சரணங்களையும் எட்வின் அண்ணன் கைப்பிடிச் சுவரில் நடப்பவர் போலக் கடந்தார்.

மூன்றாவதில் சுருதியை ஏற்றச் சொல்லி அக்கா சைகை காட்டினார். டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தினேன். சுருதி ஏறும், விரல்கள் பழைய இடத்திலேயே இருக்கும். ஜெரி கிட்டாரில் கம்பிகளை அழுத்தும் கேப்போ கிளிப்பை நகர்த்திக்கொண்டான். எட்வின் அண்ணன் என் விரல்களைப் பார்த்துப் பழகியவர். விரல்கள் மாறவில்லை. அவரும் மாறவில்லை.

இரண்டு சுருதிகள் மோதின. முன்வரிசையில் ஒருவர் பாடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அக்காவின் கை ஆம்ப்பை நோக்கிப் போனது. அண்ணன் வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தடித்த கம்பியில், மெதுவாக, தேடினார். தவறு. இன்னொரு தவறு. என் இடது கை மடியிலிருந்து எழுந்தது. வலது கை வாசித்துக்கொண்டிருந்தது. இடது கை விரல்களை மடக்கிக்கொண்டேன். கடைசி வரியில் ஒரு ஸ்வரம் பொருந்தியது. ஒன்றே ஒன்று. ஆமென் வரை அதை விடவில்லை.

வெளியே வந்ததும் அக்காவிடம் கேட்டார். "உக்காரணுமா?"

"அடுத்த வாரம் சீக்கிரம் வாங்க" என்றார் அக்கா.

என்னிடம் வந்தார். "அந்தப் பட்டன பத்தி ஒருத்தரும் சொல்லலையே. நல்லவேளை, என் தப்பு கேட்டுச்சு." முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதன்பின் அவர் என் விரல்களைப் பார்த்ததில்லை. தவறுகளும் குறையவில்லை. எல்லாம் அவருடையவை.

எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியிருப்பது ஒரு பயம். இதை நான்தான் செய்கிறேனா என்ற பயம். அலுவலகத்தில் வருகிறது, பேசும்போது வருகிறது, இதை எழுதும்போதும். அது போகாமல் இருக்கட்டும்.

செய்தி வந்த அன்று மதியம் சுகந்தி அக்கா போனில் அழைத்தார். குரல் உடைந்திருந்தது. "நல்லடக்க ஆராதனைக்கு இடது கைலயும் வாசிச்சிடு. இல்லன்னா வெறிச்சுனு இருக்கும்."

"வெறிச்சுனே இருக்கட்டும்கா" என்றேன்.

"சரி" என்றார் அக்கா.

லில்லி அக்காவின் வீட்டில் யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். இட்லி வாங்கிக்கொண்டு கீழ்க்கட்டளைக்குப் பஸ் ஏறினேன்.