கரை விளக்கை அணைத்தவர்

போன செவ்வாய்க்கிழமை தக்கலையிலிருந்து போன். மறைந்த கவிஞர் ஒருவரின் மகள். எண்பதைத் தாண்டியவர், நான் அக்கா என்றே கூப்பிடுவேன். அவருடைய அப்பாவின் மொத்தப் படைப்புகளையும் தொகுத்து முன்னுரை எழுதியிருப்பவன் நான். வெள்ளிக்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகவேண்டும்.

"சாரே, அந்தச் சண்டக் காலத்துக் கட்டுரையள புஸ்தகத்துலருந்து எடுத்திருங்க. மனசு கெடந்து அடிக்கு."

எனக்கும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. காரணம்?

முந்தின வாரம்தான் அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் அவை கிடைத்தன. இரண்டாம் உலகப் போரின்போது உள்ளூர்ப் பத்திரிகையில் கவிஞர் எழுதியவை. எதிரிக் கப்பல் வரலாம், கரையில் ஒரு விளக்கும் எரியக்கூடாது என்று ஒரு கட்டுரையில் ஆவேசப்படுகிறார். கடற்கரை ஊர் ஒன்றில் அதை வாசித்துக் காட்டி விளக்குகளை அணைக்கிறார்கள். கரை தெரியாமல் மீன்பிடி வள்ளம் ஒன்று பாறையில் மோதுகிறது. நான்கு பேர்... திரும்பவில்லை. தன் பேச்சைக் கேட்டுத்தான் அணைத்தார்கள் என்று அடுத்த கட்டுரையில் கவிஞரே ஒப்புக்கொள்கிறார்.

அவருடைய புகழ்பெற்ற கவிதை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கரை விளக்கை அணைத்தது யார் என்று திரும்பத் திரும்பக் கேட்கும் கவிதை. விளக்கு என்றால் ஞானம், கரை என்றால் வீடுபேறு – இப்படித்தான் முப்பது வருடம் கல்லூரியில் பாடம் நடத்தினேன். முன்னுரையிலும் அதையே பதினோரு பக்கம் நீட்டியிருந்தேன்!

பஸ் பிடித்துத் தக்கலைக்கு ஓடினேன். கட்டுரைகளை விட்டுவிட்டால் அக்காவுக்கும் நிம்மதி, என் மானமும் தப்பும். ஆனால் அந்த நான்கு பேர்? நீங்களே சொல்லுங்கள்.

"அப்பாவக் கொலகாரன்னு சொல்லமாட்டாவளா?" அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

சொல்லிவிடுவார்களோ என்று எனக்கும் பயம்தான். அவர் ஒப்புக்கொண்ட அந்த இரண்டாவது கட்டுரையை வாசித்துக் காட்டினேன்.

"அப்பா தன் பேரு போட்டா எழுதியிருக்காவ?"

"ஆமாக்கா. கொட்டை எழுத்துல."

"பொறவு நாம என்னத்துக்கு மறைக்கணும்? போடுங்க சாரே."

அன்றைக்கே முன்னுரையைக் கிழித்துப் போட்டேன். ஆனால் படபடப்பு இன்னும் அடங்கவில்லை. அந்த முப்பது வருடமும் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த பிள்ளைகள் சிலர், 'இது வள்ளக்காரர்களுக்கு வைத்த விளக்கு' என்று பரீட்சையில் எழுதுவார்கள்.

சிவப்பு மையால் அடித்து மார்க்கைக் குறைத்தவன் நான்தான்.