பஷீருதீன் மவுத்தான தேதி

கோவளத்தில் ஆட்டோ ஓட்டிய பஷீருதீன், ஞாயிற்றுக்கிழமைகளில் சவுக்குத் தோப்புப் பக்கம் மனைவி சைதூனுக்கும் வண்டி பழக்கினார். அவளும் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். போன ஆகஸ்டில் மாரடைப்பில் அவர் போய்ச் சேர்ந்தார். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாவை நாலு மாதம் பத்து நாள் இருந்து முடித்ததும், வண்டியைத் தானே ஓட்டுவது என்று சைதூன் முடிவு செய்தாள்.

வண்டியைத் தன் பெயருக்கு மாற்ற வாரிசுச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் வேலை பார்க்கும் ஜோதிலட்சுமி விவரங்களை ஏற்றினாள். கம்ப்யூட்டர் இரண்டு முறையும் ஏற்கவில்லை.

"அக்கா, அண்ணன் எறந்தது என்னிக்கு?"

"ஆகஸ்ட் பதினெட்டு. சர்டிபிகேட்டு உன் கையிலதான கீது?"

"பேப்பர்ல சரியா கீதுக்கா. கம்ப்யூட்டர்ல எழுபதாம் வருசம் ஜனவரி ஒண்ணுன்னு காட்டுது."

இறப்புப் பதிவுகளைப் புது சாஃப்ட்வேருக்கு மாற்றியபோது சிலருக்குத் தேதி விடுபட்டிருக்கிறது. விடுபட்ட இடத்தில் கம்ப்யூட்டர் தானாக அந்த நாளைப் போட்டுவிட்டது. சைதூன் பிறந்ததோ எழுபத்தெட்டில். மகள் ரிஃபானா பிறந்தது இரண்டாயிரத்து நாலில்.

"அப்ப நாங்க ரெண்டு பேரும் அவருக்கு யாரு?" என்றாள் சைதூன். ஜோதிலட்சுமி தாலுகா அலுவலகத்தில் போய்க் கேட்கச் சொன்னாள்.

தாலுகா அலுவலகத்தில், "சிஸ்டத்துல இருக்கறதுதாம்மா எங்களுக்கு" என்றார்கள். ஐந்து மாதம் நடந்தாள். ஒவ்வொரு மேஜையிலும் கணவர் எப்போது இறந்தார், எப்படி இறந்தார் என்று முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒருநாள் திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது: அந்தத் தேதியை போன் நம்பர் மாதிரி ஒப்பித்துவிட்டு வந்திருக்கிறாள், நெஞ்சில் ஒன்றுமே அசையவில்லை. அது அவளைப் பயமுறுத்தியது. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள்.

ஜோதிலட்சுமி சும்மா இருக்கவில்லை. அதே தேதியில் சிக்கிய பதினேழு குடும்பங்களைத் தேடிப் பிடித்தாள். எல்லாரும் ஒரே நாளில் தாலுகா அலுவலகத்தில் போய் நின்றதும் அதிகாரி எழுந்து வந்தார். தேதிகளைச் சரிபார்க்க, கையால் எழுதிய பழைய பதிவேட்டை எடுக்கச் சொன்னார்.

ஜூலையில் சைதூனுக்குச் சான்றிதழ் வந்தது. அதற்குள் வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி. முடிந்திருந்தது, பேட்டரியும் போயிருந்தது. எல்லாம் சரிசெய்து, கேளம்பாக்கம் வரை இப்போது ஓட்டுகிறாள்.

நாலு குடும்பங்களுக்கு இன்னும் தீரவில்லை. அவர்களுடைய பதிவேட்டுப் பக்கங்கள் மழைத்தண்ணீரில் ஊறி எழுத்து அழிந்துவிட்டன. அதில் ஒருத்தி, தாயைப் பறிகொடுத்த ஹெலன். திங்கட்கிழமை தாலுகா அலுவலகத்துக்கு அவளைச் சைதூன்தான் தன் ஆட்டோவில் கூட்டிப் போனாள்.

"எங்கம்மா செத்து இருவது வருசம் கழிச்சு நான் பொறந்தேனாம்க்கா" என்றாள் ஹெலன் வழியில்.

"உள்ள போய் அத்தயே சொல்லு. சத்தமா சொல்லு" என்றாள் சைதூன்.

அன்று அதிகாரி லீவு.