ஹெட்டும் தட்டும், அக்காவும் நானும்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூட வாசலை விட்டு வெளியே வந்தவன் நான். சாணார்பட்டிப் பக்கம் வானம் பார்த்த பூமியில் போர் போட்டுத் தென்னை வைத்தேன். நாகல் நகரில் அக்காவுக்கு மாடி வீடு கட்டிக் கொடுத்தேன். பினாங்கில் சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவத் தொடங்கியவன், அதே ஊரில் பதினோராவது மாடியில் கடல் தெரிகிற ஃபிளாட் வாங்கினேன். அங்கேயே பிறந்து வளர்ந்த பெண்ணைக் கட்டி, இரண்டு பெண்பிள்ளைகளைப் பட்டதாரி ஆக்கினேன். எல்லாவற்றுக்கும் மேலே, உலகம் முழுக்கக் கணினிக்குள் சுற்றிக்கொண்டிருக்கிற ஹார்ட் டிஸ்குகளில் எத்தனையோ என் கண் பார்த்து, என் கை தொட்டு வெளியே போனவை. யாரும் எனக்குக் கையைப் பிடித்துச் சொல்லித் தரவில்லை. இதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

இத்தனையும் செய்தவன் ஒன்றே ஒன்றுக்குப் பயப்படுவேன். யாராவது ஒரு பொருளை வாயால் ஊதுவதற்கு. திண்டுக்கல்லில் எல்லாரும் ஊதுகிறார்கள். கடைக்காரர் பையை ஊதிப் பிரிக்கிறார். அக்காவின் பேரன் டிவி ரிமோட்டைத் திறந்து ஊதுகிறான். செல்வி, அதாவது என் அக்கா மகன் முருகேசனின் மனைவி, செல்போன் சார்ஜ் ஏறாவிட்டால் ஓட்டையில் ஊதுகிறாள். ஊருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் இதைப் பார்த்துப் பின்னால் நகர்ந்து நிற்பேன். "சித்தப்பா ஏன் பாம்பைப் பாத்த மாதிரி பம்முறாரு?" என்று செல்வி சிரிப்பாள்.

அவளுக்குப் பினாங்கில் நான் வேலை பார்த்த ஹார்ட் டிஸ்க் ஆலை தெரியாது. அங்கே மூச்சுதான் முதல் எதிரி. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, வாய்க்கு மூடி, காற்று பீய்ச்சுகிற சின்ன அறைக்குள் நின்று தூசியை உதறிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். முதல் நாள் நான் நம்ம ஊர் வழக்கப்படி முகத்துக்குப் பவுடரும் நெற்றிக்குத் திருநீறும் பூசிக்கொண்டு போய் நின்றேன். வேலைக்குப் போகும்போது முகம் பளிச்சென்று இருக்க வேண்டாமா? மலாய்க்கார சூப்பர்வைசர் அம்மா என்னைப் பார்த்து, "முகம் வெளுத்திருக்கிறது, காய்ச்சலா?" என்று கேட்டார். நான் பவுடர் டப்பாவை எடுத்துக் காட்டி, வேண்டுமானால் நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சைகை செய்தேன். அவர் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து பவுடரையும் விட்டேன், திருநீற்றையும் வீட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

என் வேலையைப் புரியும்படி சொல்கிறேன். ஹார்ட் டிஸ்குக்குள் கண்ணாடி போல மினுங்கும் வட்டத் தட்டு இருக்கும். அதில் காந்தத்தால் எழுதவும் படிக்கவும் ஊசி முனையைவிடச் சின்னதாக ஒரு ஹெட் இருக்கும். தட்டு சுற்றும்போது ஹெட் அதைத் தொடாமல், தலைமுடியின் பருமனைவிடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்கும். அந்த இடைவெளியில் ஒரு தூசி வந்தால் பாறை வந்த மாதிரி. ஆனால் தூசியைவிட மோசமான சங்கதி ஒன்று உண்டு. தட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது, ஹெட்டுகளும் அப்படித்தான். அழுத்தமாக எழுதுகிற ஹெட் உண்டு, லேசாக எழுதுகிற ஹெட் உண்டு. எழுத்தை எளிதில் ஏற்காத தட்டு உண்டு, தொட்டாலே ஏற்கிற தட்டு உண்டு. முரட்டுத் தட்டுக்கு லேசான ஹெட்டைப் போட்டால் எழுத்து பதியாது. இளகிய தட்டுக்கு அழுத்தமான ஹெட்டைப் போட்டால் பக்கத்து வரியும் சேர்ந்து அழியும். தனித்தனியே சோதித்தால் இரண்டும் நல்லவைதான். சேர்த்து மூடினால்தான் ஓடாது. அதனால் இரண்டையும் அளந்து, தரம் பிரித்து, இன்னதற்கு இன்னது என்று சேர்க்க வேண்டும்.

எங்கள் பொறியாளர் ஒரு சீனர், நல்ல மனிதர். அவர் இதை ஆங்கிலத்தில் விளக்கியதும் எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. எனக்குத் தெரிந்த இரண்டு வார்த்தையை வைத்து, "எங்கள் ஊரிலும் இப்படித்தான். பையன் நல்லவன், பெண் நல்லவள், ஆனாலும் முதலில் பொருத்தம் பார்ப்போம்" என்றேன். அவர் என் தோளில் தட்டி, "சந்தோஷம், எத்தனை நாள் லீவு வேண்டும்?" என்றார். எனக்குக் கல்யாணம் என்று நினைத்துவிட்டார்! எது எதோடு சேரும் என்பது அவருடைய கணக்கு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேலை செய்கிறவர்கள் அவசரத்தில் தட்டுப் பெட்டியை மாற்றி எடுத்துவிடுவார்கள். ஹெட் பெட்டிக்கும் தட்டுப் பெட்டிக்கும் ஒரே நிறத்தில் பிளாஸ்டிக் வில்லை மாட்டலாம், மஞ்சளுக்கு மஞ்சள், பச்சைக்குப் பச்சை என்று சொன்னது நான். சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலைக்குச் சாயம் தோய்க்குமுன் அக்கா முடிச்சுப் போட்ட காலத்தில், துணிக்கட்டும் நூல்கட்டும் மாறாமல் இருக்கக் கலர் துணி கட்டி வைப்பாள். அதுதான் எனக்குத் தோன்றியது. அந்த யோசனைக்காக ஆலைக்குக் கேடயம் வந்தது. அதில் 'குழு' என்று போட்டிருந்தார்கள். என் பெயர் இல்லை.

இந்த முறை ஊருக்குப் போனபோது வாசலில் நின்ற அக்கா, "வாங்கய்யா, உக்காருங்க" என்றாள். கேலி என்று நினைத்தேன். மறுநாளும் காப்பியை விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கொடுத்தாள். செல்வி என்னைத் தனியே கூப்பிட்டு, "அத்தைக்கு மறதி வந்திருச்சு சித்தப்பா. ஆள் தெரியல" என்றாள். நான் சிரித்தேன். இந்த வீட்டையே கட்டியவன் நான், என்னை மறப்பாளா?

நாலாம் நாள் காலையில் செல்வி சமையலறையிலிருந்து வந்தாள்.

"சித்தப்பா, அத்தை ஒங்க கூட இல்லையா?"

"இல்லையே தாயி."

"வாசக் கதவு தொறந்து கெடக்கு."

செருப்புப் போடாமல் தெருவுக்கு ஓடினேன். இந்தக் கோடி வரை போனேன், அந்தக் கோடி வரை போனேன். முருகேசன் வண்டியை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனான். எனக்கு மதுரை ரோட்டில் லாரிகள் போகிற வேகம் கண்ணுக்குள் வந்தது. ரயில் தண்டவாளம் வந்தது. சாணார்பட்டிப் பக்கம் சுவர் இல்லாமல் தரையோடு தரையாக வாயைப் பிளந்து கிடக்கும் கிணறுகள் வந்தன. பழைய நினைவில் அங்கே நடந்து போயிருந்தால்? வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டுக் கீழ்த்தளத்தில் அந்தோணி என்கிற பையன் கேமரா மாட்டித் தருகிற கடை வைத்திருக்கிறான். அவன் கடைக் கேமரா எங்கள் வாசலைப் பார்த்தபடிதான் இருக்கும். செல்வியும் நானும் அங்கே போனோம். பதிவுப் பெட்டியிலிருந்து 'டிக்... டிக்... டிக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஹெட் தன் இடத்தைத் தேடி, கிடைக்காமல், திரும்பத் திரும்ப முட்டுகிற சத்தம்.

"காலைல கரண்ட் போயி வந்ததுல இருந்து இப்புடித்தான் கத்துது பெரியவரே" என்றான் அந்தோணி. "அதுக்கு முன்னாடி பதிஞ்சது உள்ள இருக்கும். டிஸ்க்குல தூசி ஏறியிருக்கும். மூடியக் கழட்டி ஒரு ஊது ஊதிவிட்டா சரியாயிரும்." டிஸ்கை வெளியே எடுத்துத் திருப்புளியையும் கையில் எடுத்துவிட்டான்.

நான் டிஸ்க் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். "ஏலே, கைய எடு! இதுக்குள்ள ஒரு மூச்சுப் பட்டா எங்க அக்கா போச்சு!"

"ஒங்க அக்கா இதுக்குள்ளயா இருக்காக?"

"ஆமாடா. இதுக்குள்ளதான் இருக்கா."

அவன் செல்வியைப் பார்த்தான். குடும்பத்தில் இருவருக்குமே மறதி போல என்று நினைத்திருப்பான். டிஸ்கைத் திருப்பி ஒட்டுச்சீட்டைப் பார்த்தேன். மலேசியாவில் செய்தது என்று போட்டிருந்தது. என் கையில் பட்டுப் போனதாகவே இருக்கலாம் என்று தோன்றியதும் பயம் இன்னும் கூடியது. ஹெட் கெட்டிருந்தால் வேறு ஹெட் மாற்ற வேண்டும், எந்த ஹெட்டும் சேராது, இதே தரத்தில் இதே வகையில் இன்னொரு டிஸ்க் வேண்டும், தூசி இல்லாத அறை வேண்டும், சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று மூச்சு விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல என் பேச்சே எனக்குப் பயமாக இருந்தது. சென்னைக்குப் போய்த் திரும்பும் வரை அக்கா எந்த வெயிலில் நிற்பாள்? செல்வி தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டாள்.

அந்தோணி திருப்புளியைக் கீழே வைத்தான். டிஸ்கைப் பழையபடி மாட்டினான். சுவரில் செருகியிருந்த அடாப்டரைத் தொட்டு, "சுடுதே" என்று கையை உதறினான். அலமாரியிலிருந்து வேறு அடாப்டரை எடுத்து, அதன் முனையை ஒரு ஊது ஊதிச் செருகினான். சத்தம் நின்றது. தட்டு சீராகச் சுற்றுகிற மெல்லிய ரீங்காரம் வந்தது. மின்சாரம் போதாமல்தான் கத்தியிருக்கிறது.

இல்லை, அடாப்டர் என் நினைவுக்கு வரவில்லை. எங்கள் ஆலையில் மின்சாரம் குறைந்து நான் பார்த்ததே கிடையாது. டிக் என்றால் ஹெட், ஹெட் என்றால் பொருத்தம், அப்படித்தான் என் மண்டையில் ஏறியிருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அவன் மூடியைத் திறந்து ஊதியிருந்தால், எந்த அடாப்டரைப் போட்டு என்ன பயன்?

திரையில் அக்கா தெரிந்தாள். பச்சைச் சுங்குடி கட்டி, தலை சீவி, முகத்தில் பவுடர் அப்பி, கையில் ஒயர் கூடையோடு ஒரு ஆட்டோவில் ஏறினாள். "நம்ம பாண்டி ஆட்டோ" என்று அந்தோணி உடனே போன் போட்டான். பாண்டியின் குரல் எங்களுக்கும் கேட்டது. "ஆமாண்ணே, பஸ் ஸ்டாண்டுல எறக்கிவிட்டேன். மலேசியாவுல இருந்து தம்பி வாராரு, கூப்புடப் போறேன்னு சொன்னாக."

விமானத்தில் திருச்சி வந்து இறங்கினால் நான் வழக்கமாக ஏறி வருகிற திருச்சி பஸ் வந்து நிற்கிற இடத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள். உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஓடிப்போய், "அக்கா, நாந்தான்" என்றேன்.

"நம்ம வீட்டுக்கு வந்திருக்க அய்யாதான? காப்பி குடிச்சீகளா?" என்றாள். "செத்த நேரம் நில்லுங்க. எந்தம்பி வந்துருவான். அவனுக்குப் பசி தாங்காது, கடலை அவிச்சுக் கொண்டாந்திருக்கேன்."

"அத்தை, இவுகதான் அவுக. வாங்க வீட்டுக்கு" என்று செல்வி கையைப் பிடித்ததும் அக்கா, "என்னய இழுத்துட்டுப் போறாகளே!" என்று கத்தினாள். கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் என் சட்டையைப் பிடித்து, "யாருய்யா நீ?" என்றார். அந்த நேரத்தில் எனக்கு வந்த பயம் கிணற்றுக்கும் லாரிக்கும் வராத பயம். இவள் இனி எப்போதும் என்னை அறியாமலே போய்விடுவாளோ?

அப்போது ஒரு திருச்சி பஸ் வந்து நின்றது. எனக்கு என்ன தோன்றியதோ, செல்வி கையிலிருந்த கட்டைப் பையைப் பிடுங்கிக்கொண்டு பின்வாசலில் ஏறினேன். "யோவ் பெருசு, எறங்குற ஆளு எறங்கட்டும்யா!" என்று கண்டக்டர் திட்டினார். உள்ளே கூட்டத்தை இடித்துக்கொண்டு நடந்தேன், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டேன், முன்வாசல் வழியாகப் பையோடு இறங்கினேன். "அக்கா!"

அவள் முகம் மலர்ந்தது. "ஏலே, இம்புட்டு நேரமா? இப்புடி மெலிஞ்சு போயிட்டியேடா!" என் தொப்பையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். கடலையை என் கையில் திணித்தாள். கூட்டத்தில் சட்டையைப் பிடித்தவர் ஒன்றும் புரியாமல் நின்றார்.

ஆட்டோவில் வரும்போது என் காதோடு சொன்னாள். "வீட்டுல ஒரு அய்யா வந்து தங்கியிருக்காரு. நல்ல மனுசந்தான். ஆனா யாருன்னு தெரியல, பயமா இருக்கு. நீ போயிக் கேளு."

இப்போது பினாங்கில் இருக்கிறேன். அக்கா வீட்டிலிருந்து போன் வரும். எடுத்தால் தம்பியாகப் பேச வேண்டுமா, அந்த அய்யாவாகப் பேச வேண்டுமா என்பது அவள் குரல் வந்த பிறகுதான் தெரியும். போன வாரம், "அந்த அய்யா ஊருக்குப் போயிட்டாரு, பாவம், சொல்லிக்காமலே போயிட்டாரு. நீ எப்ப வார?" என்று கேட்டாள். பதினோராவது மாடியில் நின்று கடலைப் பார்த்தேன். போனவனும் நான், வரவேண்டியவனும் நான்.

முருகேசன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், 'அந்தோணி அண்ணன் உதவியால் அம்மா கிடைத்தார்' என்று எழுதியிருக்கிறான். எழுதட்டும், பையன் கெட்டிக்காரன்தான். கேடயத்தில் என் பெயரை விட்டது போதும், மாப்ள முருகேசா. டிஸ்கின் மூடியைத் திறக்க விடாமல் கையை வைத்தவன் நான். திருச்சிக்கே போகாமல் திருச்சி பஸ்ஸிலிருந்து இறங்கியவன் நான். அந்தோணி பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் போடு. அக்கா கேட்டால், அந்த அய்யாவுக்கும் அதே பெயர்தான் என்று சொல்.